பதினொரு மணி நேரத் தூரம்

இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். இடைநில்லா விமானம் இதனை ஏறக்குறைய 11 மணி நேரத்திற் கடக்கிறது. வளைகுடா நகரொன்றில் விமானம் மாறுவோருக்கு மேலும் சில மணி நேரம் பிடிக்கும். சுயஸ் கால்வாய் வழியே கப்பலில் வந்த முந்திய தலைமுறையினர் ஏறக்குறைய மூன்று வாரங்களைக் கடலிற் கழித்தனர். இன்றோ இரவில் இங்கு விமானமேறுபவர் மறுநாட் பகலிற் கட்டுநாயக்காவில் இறங்கிவிடலாம்.

உலகம் சுருங்கிவிட்டது என்போர் இக்கணக்கையே காட்டுவர். ஆயினும் எம்மவருள் ஒரு சாராருக்கு இது பொருந்துவதில்லை. ஒரே தெருவில் வாழும் இருவருள் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையவருக்குக் கொழும்பு 11 மணி நேரத் தூரம். புகலிடக் கோரிக்கைக்கு முடிவு கிடையாது காத்திருப்பவருக்கோ அது எத்தனை ஆண்டுத் தூரமென்று எவராலும் சொல்லவியலாது. முடிவு வருமுன் அவர் நாட்டை விட்டு வெளியேறினால், கோரிக்கை கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்.

அகதி அந்தஸ்துப் பெற்றவரின் நிலையும் எளிதன்று. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 28ஆவது உறுப்புரை அவருக்குப் பயண ஆவணம் வழங்க வகை செய்கிறது. எனினும் எந்நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அந்நாட்டுக்குச் செல்ல இந்நாடு வழங்கும் அவ்வாவணம் உதவாது. தாய்நாட்டு அரசின் பாதுகாப்பைத் தாமாகவே விரும்பி மீண்டும் நாடுபவர் அகதி நிலையை இழப்பார் என்பதும் அதே சமவாயத்தின் விதியே. பெற்றோரும் பிள்ளைகளும் சென்னையிற் சந்தித்துப் பிரியும் வழக்கம் எம்மிடையே உருவானதன் காரணம் இதுதான்.

இவையனைத்தும் எம் மக்கள் அறியாதவையல்ல. இருந்தும், ஊரில் ஒரு தாய் இறந்தால், "கொள்ளி வைக்கக்கூட மகன் வரவில்லையே" என்ற பேச்சு இங்குள்ள வீடுகளிலும் எழுகிறது. பல்லாண்டுகளாகத் தொலைபேசியில் மட்டும் தாயின் குரலைக் கேட்டவனுக்கு இதைவிடக் கொடிய சொல் வேறில்லை. அச்சொல்லுக்கு அஞ்சி, எவரையும் கேளாது விமானமேறி, அகதி அந்தஸ்தை இழக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்வோரும் உண்டாகலாம். பயணச்சீட்டு வாங்குமுன் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுமாறு எமது வாசகர்களை வேண்டுகிறோம். செல்ல இயலாதவரின் வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரிப்பதே உறவினரதும் அயலவரதும் கடமை, குற்றம் விசாரிப்பதன்று.

புகலிடம் தரும் அரசுகளுக்கும் ஒன்று கூறுவோம். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்பதை நீதியுடன் ஆராய்வது அவற்றின் உரிமை. ஆண்டுக்கணக்கில் முடிவு கூறாதிருப்பது நீதியாகாது. கோப்பு மேசையிற் கிடக்கும் ஒவ்வோராண்டும், ஊரிற் காத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வயது கூடுகிறது.