பயணத்தில் தொழுகை: சுருக்குவது வேறு, சேர்ப்பது வேறு

ஏசி பெட்டியில் படுத்துத் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேருகிறவருக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இது பழைய கேள்வி. கஸ்ர் எனப்படும் இந்தச் சுருக்கலைப் பற்றிப் பேசும் அன்னிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம், எதிரிகளைக் குறித்த அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறது. அச்சம் நீங்கிய பிறகும் ஏன் சுருக்குகிறோம் என்று உமர் (ரலி) அவர்களே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அது அல்லாஹ் அளித்த கொடை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் வந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஆகவே, பயணம்தான் இதற்குக் காரணம். களைப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

லுஹர், அஸர், இஷா மூன்றும் நான்கு ரக்அத்திலிருந்து இரண்டாகும். சுபுஹும் மஃரிபும் அப்படியே இருக்கும். இதற்கான பயணத் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பது பரவலான கணிப்பு. இதைவிடக் கூட்டிச் சொல்லும் ஆலிம்களும் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே சலுகை தொடங்கும். பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டால் மட்டும் ஒருவர் முஸாபிர் (பயணி) ஆகிவிட மாட்டார்.

குழப்பம் அதிகம் வருவது ஜம்உ (சேர்த்துத் தொழுதல்) விஷயத்தில்தான். சுருக்குவதையும் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதையும் பலர் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். ஷாஃபி மத்ஹபில் பயணி லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே அதற்கு இடமுண்டு. மற்றப் பயணங்களில் சுருக்கினாலும் அந்தந்த வக்திலேயே தொழ வேண்டும்.

தங்கும் நாளிலும் வேறுபாடு உண்டு. காயல்பட்டினத்து ஷாஃபி ஒருவரும் உட்பகுதி ஊர்களில் நிறையப் பேர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த ஒருவரும் 10 நாள் வேலையாகச் சென்னை வந்து ஒரே அறையில் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் தங்கும் நிய்யத் இருந்தாலே ஷாஃபிக்காரர் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபிக்கு வரம்பு 15 நாள், அவர் சுருக்குவார். ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் தொழுவதைப் பார்த்து யாரும் சண்டைக்கு வர வேண்டியதில்லை. இருவரும் தத்தம் மத்ஹபின் சட்டப்படியே நடக்கிறார்கள்.

பள்ளிவாசலில் அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. உள்ளூர் இமாம் லுஹர் தொழுவிக்கிறார். மூன்றாவது ரக்அத்தில் வந்து சேரும் பயணி, தனக்கு இரண்டுதானே என்று இமாமோடு ஸலாம் கொடுத்துவிடுகிறார். அது கூடாது. உள்ளூர்க்காரரைப் பின்பற்றினால் இரு மத்ஹபுகளிலும் நான்கும் தொழ வேண்டும். இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து விடுபட்ட இரண்டையும் நிறைவு செய்ய வேண்டும். பயணியே இமாமாக நின்று இரண்டில் ஸலாம் கொடுத்தால், பின்னால் நிற்கும் ஊர்க்காரர்கள்தான் எழுந்து நான்கை முடிக்க வேண்டும். தாம் முஸாபிர் என்பதை அந்த இமாம் முன்பே சொல்லிவிட்டால் ஸஃப்பில் யாரும் தடுமாற மாட்டார்கள்.