சைக்கிள் பாதையும் படமும்

2020-ல் மத்திய சர்க்கார் நகரங்களுக்குள் ஒரு போட்டி வைத்து, சைக்கிள்காரர்களின் கஷ்டத்தைக் கேட்டறிந்து பாதை வகுக்கச் சொல்லிற்று. சொன்னது நியாயமே. ஆனால் யாரைக் கேட்பது? கைப்பேசியில் ஆப் வைத்துக்கொண்டு தேகப்பயிற்சிக்கு ஓட்டுகிற கனவான் போன வழிதான் கம்ப்யூட்டர் படத்தில் கோடாக விழும். ஒத்தக்கடையிலிருந்தும் அவனியாபுரத்திலிருந்தும் மதுரைக்குள் கொத்து வேலைக்கு மிதித்து வருகிறவர் ஆப்பைக் கண்டாரா? படத்தில் அவர் இல்லை. ஆதலால் பாதையும் அவருக்கு இல்லையென்றாகிவிடும். கோயிலைச் சுற்றி ஆடி, மாசி, வெளி வீதிகளென்று அடுக்கடுக்காய்ப் போட்ட காலத்தில்தான் அவர் பாட்டனை யாரும் கேட்கவில்லை. இப்போதாவது கேட்கலாமே! யானைக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் ஒரு வாரம் காலை 8 மணிக்கு ஆள் நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர், எவ்விடத்தில் பயந்து இறங்கித் தள்ளுகிறீர் என்று எழுதி வாங்கிப் படத்தில் ஏற்றட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கும் சர்க்கார், அது ஓட வழி கொடுப்பது மட்டும் யார் வேலையென்று நினைக்கிறது எனக் கேட்கிறோம்.