தடை கேட்பவர்களுக்கு ஒரு மறுப்பு

“போதை மாத்திரைகளை அடியோடு தடை செய்!” ஹட்டனிலோ வட்டவளையிலோ போதை ஒழிப்பு ஊர்வலம் என்றால் இந்தப் பதாகை வந்துவிடுகிறது. வருடக்கணக்காகப் பார்த்துச் சலித்துவிட்டேன். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் எதைத் தடை செய்யச் சொல்கிறார்கள்? பிரிகாபலினையும் ட்ரமடோலையும். சீனி வருத்தம் முற்றிக் கால் எரிந்து ராத்திரி தூங்காதவர்களுக்குப் பிரிகாபலினின் அருமை தெரியும். ட்ரமடோல், கடும் வலிக்கு டாக்டர் எழுதுகிற மருந்து.

சட்டம் இளக்கமாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். கடும் வலிக்கான இன்னொரு மருந்தான மோர்பினை 3 கிராம் சட்டவிரோதமாக வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. நம் இலங்கையின் 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 1984இல் வந்த திருத்தம் அது.

“ஆபத்தான மருந்து நாட்டுக்குள் எதற்கு?” என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கட்டளைச் சட்டம் அபாயகரமான ஔடதம் என்று சொல்லும் அதே மோர்பின், உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. போதைப்பொருளைக் கட்டுப்படுத்த வந்த 1961ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயமே, வலி தீர்க்க இவை இல்லாமல் முடியாது என்று தன் முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. சட்டம் ஒரு மருந்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பது, யார் எழுதலாம், யார் கொடுக்கலாம், எந்தப் பதிவேட்டில் கணக்கு வைக்க வேண்டும் என்று வரையறுக்கத்தான். கட்டுப்பாடு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை இந்தியா பட்டுத் தெரிந்துகொண்டது. 1985இல் கடுமையான சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரங்களுக்கு அலையவும் வழக்குக்குப் பயப்படவும் வேண்டியிருந்ததால், பல வைத்தியசாலைகள் மோர்பின் வைப்பதையே கைவிட்டன. புற்றுநோயாளர்கள் கதறிக்கொண்டே செத்தார்கள். கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடிய பிறகு, 2014இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

நம் தோட்டங்களில் புற்றுநோய் கண்டவர் கண்டி, மஹரகம வைத்தியசாலைகளுக்கு அலைந்துவிட்டு, கடைசியில் லயத்து அறையில்தான் படுக்கிறார். தடை வந்தால் முதலில் அடிபடுவது அவர். கள்ள வியாபாரிக்கு விலை ஏறும், அவ்வளவுதான்.

மாத்திரை கசியும் ஒரு வழி, டாக்டர் துண்டு இல்லாமல் கொடுக்கும் பாமசிகள். பதிவுபெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை அமல்படுத்த ஆள் வேண்டும். ஊர்வலம் போகிறவர்களே, அடுத்த முறை பதாகையில் அதை எழுதுங்கள்: மருந்தாளர் இல்லாத பாமசியை மூடு, நோயாளியின் மருந்தில் கை வைக்காதே.