கூட்டுக் கதைக்கு ஒரு ராத்திரி போதாது



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இரவைக்கு வைத்து வாசியுங்கள். "சேர், சுருக்கமாச் சொல்லுங்க" என்று மட்டும் இன்பொக்ஸுக்கு வரவேண்டாம். ஏன் என்று கடைசியில் விளங்கும்.

போன கிழமை தரம் 10இல் பாடமில்லாத ஒரு நேரத்துக்குப் போனோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. என்ன விசயம் என்று பார்த்தால், அவெஞ்சர்ஸ் மாதிரி வீரர்கள் கூட்டமாய் வருகிற கதைக்குப் படம் நல்லதா, தொடர் நல்லதா என்பதுதான். படக் கட்சியில் ஆகவும் சத்தம் போட்டவனைக் கேட்டோம்.

"எண்ட்கேம் முழுசாப் பாத்தியா மகன்?"

"பாத்திட்டன் சேர்."

"எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"பதினாலு நிமிசம் சேர்."

அந்தப் படம் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு நிமிடம் கூட. பையன் பார்த்தது யூடியூபில் யாரோ ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லிமுடிக்கிற 'தமிழ் விளக்கம்'. தொடர்க் கட்சியை விசாரித்தோம். அவர்களும் அப்படித்தான். ஆறு பாகத்தை இருபது நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். இரண்டு கட்சியும் பார்க்காத ஒன்றுக்காகத்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மூத்த சேர் ஒருவர், "இதெல்லாம் ஒரு பேச்சா? பொடியன்கள் ஓ.எல். பாஸ் பண்ணுற வழியைப் பாருங்க" என்றார். மரியாதையோடு மறுக்கிறோம். கதையை எப்படிக் கேட்கிறோம் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. இந்த ஊரில் அந்தப் பாடம் கொஞ்சம் அவசரமானது.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தனி வீரன் ஒருவனுடைய கதைக்குப் படம் போதும். கூட்டத்தின் கதைக்குத் தொடர்தான் வேண்டும். படம் என்ற பெயரில் வென்ற கூட்டுக் கதைகளும் உள்ளுக்குள் தொடராக இருந்ததால்தான் வென்றன.

இதற்கு அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. மட்டக்களப்பு மண்ணின் கூத்தைப் பாருங்கள். எங்கள் வாப்பாமார் காலத்தில் ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்தும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூத்துப் பார்க்கப் போனவர்கள் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். வட்டக்களரியைச் சுற்றிச் சனம். விடிய விடிய ஆட்டம். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனியாக ஒரு வரவு, அதற்கென்று பாட்டு, அதற்கென்று தாளக்கட்டு. தருமர் வரும்போது ஆடுகிற ஆட்டத்தை வீமன் ஆடமாட்டான். ஐந்து பேர் ஒன்றாகக் களரியில் நிற்கும் நேரம் வருவதற்கு முன்பே, அந்த ஐந்து பேரும் யார் என்று பார்க்கிற சனத்துக்குத் தெரிந்துவிடும். 'பதினெட்டாம் போர்' மாதிரிக் கூத்துக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டதற்கு இதுதான் காரணம். ஆட்கள் அதிகம். ஆளுக்கு ஒரு வரவு கொடுக்காவிட்டால் அது கூட்டமில்லை, நெரிசல்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கூத்தை ஓரிரு மணித்தியாலத்துக்குச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்தார். பெரிய வேலை. அது நடந்திருக்காவிட்டால் படித்த கூட்டம் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்காது. அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு சேர் அந்தக் கூத்துகளில் ஆடி வளர்ந்தவர்தான். ஆனால் அந்தச் சுருங்கிய கூத்துகளின் பெயர்களைக் கவனியுங்கள். 1962இல் கர்ணன் போர். 1963இல் நொண்டி நாடகம். 1964இல் இராவணேசன். 1968இல் வாலிவதை. நான்கும் ஒரு ஆளுடைய கதை! இரண்டு மணித்தியாலம் என்று முடிவெடுத்த கையோடு கதை தானாகவே ஒருவனிடம் போய் நின்றுவிட்டது. அது வித்தியானந்தனின் குறை அல்ல. அந்த நேர அளவுக்குள் எது அடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி அவெஞ்சர்ஸுக்கு வருவோம். படக் கட்சிக்காரர்களின் பெரிய ஆயுதம் அதுதானே. 2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் படத்துக்கு முன்னால் ஐந்து படங்கள் வந்துவிட்டன. அயர்ன் மேனுக்கு இரண்டு, ஹல்க்குக்கு ஒன்று, தோருக்கு ஒன்று, கப்டன் அமெரிக்காவுக்கு ஒன்று. 2019இல் வந்த எண்ட்கேம் அந்த வரிசையில் 22ஆவது. பதினொரு வருடம் ஓடிய தொடருக்குக் கடைசிப் பாகம் அது. தியேட்டரில் காட்டினால் படமாகிவிடுமா? கப்டன் அமெரிக்கா சம்மட்டியைத் தூக்கிய நேரம் உலகம் முழுக்கத் தியேட்டரில் கத்தினார்களே, அந்தக் கத்தலுக்குக் காரணம் அந்த மூன்று மணித்தியாலமா? அதற்கு முந்திய இருபத்தொரு வரவும்தான் காரணம்.

வரவு கொடுக்காமல் கூட்டத்தை இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2017இல் ஜஸ்டிஸ் லீக். ஆறு வீரர்கள், இரண்டு மணித்தியாலம். அதில் விக்டர் ஸ்டோன் என்று ஒரு கறுப்பினப் பொடியன் இருக்கிறான். விபத்தில் உடம்பு சிதைந்து, வாப்பாவே அவனைப் பாதி இயந்திரமாக்கி உயிர் பிழைக்க வைத்தவர். இரண்டு மணித்தியாலப் படத்தில் அவன் கணினி திறக்கிற ஒரு சாவி, அவ்வளவுதான். அதே கதையை 2021இல் ஸ்னைடர் என்ற இயக்குனர் நான்கு மணித்தியாலமாக, ஆறு அத்தியாயமாகப் பிரித்து வெளியிட்டார். இப்போது அந்தப் பொடியன் கதையின் ஈரல்குலை. தாயை இழந்தவன், தகப்பனோடு முகம் கொடுக்காதவன், கடைசியில் அந்தத் தகப்பனும் தன் கண் முன்னால் தன்னைக் கொடுத்துப் போவதைப் பார்க்கிறவன். நடிகரும் கதையும் அதேதான். கூடியது நேரம் மட்டும். நேரம் குறைந்தபோது முதலில் வெட்டுப்பட்டவன் யார் என்று பார்த்தீர்களா? அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய பாஷையிலும் இது நடந்திருக்கிறது. பொன்னியின் செல்வனைக் கல்கி 1950இலிருந்து 1954வரை வாராவாரம் எழுதினார். அது பிறந்ததே தொடராகத்தான். படமாக்க எத்தனையோ பேர் நினைத்து, கடைசியில் 2022இலும் 2023இலும் மணிரத்னம் இரண்டு பாகமாக எடுத்தார். அழகான படம், குறை சொல்லவில்லை. ஆனால் மணிமேகலை எங்கே? கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை மனதில் வைத்துக் கருகிப்போகிற அந்தப் பெண் படத்திலேயே இல்லை. பூக்கட்டி விற்கிற சேந்தன் அமுதன்தான் சோழ சிம்மாசனத்துக்கு உரியவன் என்ற கல்கியின் பெரிய திருப்பமும் படத்தில் இல்லை. கதையில் ஆகவும் ஒதுங்கி நின்றவன் ராஜாவாகிறான் என்பதுதானே அந்தக் கதையின் நீதி! ஐந்தரை மணித்தியாலத்திலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறோம், நம்முடைய ஆட்களுக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கட்டும். 1988இலிருந்து 1990வரை இந்தியத் தொலைக்காட்சியில் ஓடிய பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 94 பாகம். அதற்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. முஸ்லிம். காலத்தையே கதை சொல்லியாக்கியவர். இன்னொருவருடைய கதையைப் பொறுமையாக, பாகம் பாகமாக, மரியாதையோடு சொல்ல முடியும் என்று காட்டிய மனிசன். அந்தப் பொறுமைக்குப் படத்தில் இடம் கிடைத்திருக்குமா?

அடுத்தது நம்முடைய பெண்பிள்ளைகளுக்காக. 2022இல் மிஸ் மார்வெல் என்று ஆறு பாகத் தொடர் வந்தது. கமலா கான், பாகிஸ்தானிய அமெரிக்க வீட்டுப் பிள்ளை. அந்தத் தொடரில் பள்ளிவாசலில் பெண்கள் பக்கம் திருத்தப்படாமல் கிடக்கிறது என்ற முறைப்பாடு இருக்கிறது. ஹிஜாப் அணிந்த கூட்டாளி பள்ளிவாசல் நிருவாகத்துக்கே தேர்தல் கேட்கிறாள். பள்ளியில் செருப்புத் தொலைகிறது. சிரித்துச் சிரித்துப் பார்த்தோம், ஏனென்றால் அது நம்முடைய வீடு. ஐந்தாம் பாகத்தில் 1947 பிரிவினை. ரயில் நிலையத்தில் சனநெரிசலில் தொலைந்துபோகிற ஒரு குழந்தை, அதுதான் கமலாவின் பாட்டி. அடுத்த வருடம் அதே கமலாவை மூன்று பேர் கூட்டத்தில் ஒருத்தியாக்கி 'தி மார்வெல்ஸ்' என்று 105 நிமிடப் படம் எடுத்தார்கள். பள்ளிவாசலும் ரயில் நிலையமும் போய்விட்டன. உம்மாவும் வாப்பாவும் சிரிப்புக் காட்டுகிறவர்களாக நின்றார்கள். படம் ஓடவும் இல்லை.

எதிர்க்கட்சி சும்மா இருக்காது. அவர்கள் சொல்வதில் நியாயம் உள்ளதையும் சொல்லவேண்டும்.

"தொடர் இழுவை" என்கிறார்கள். மெய்தான். 2023இல் வந்த சீக்ரெட் இன்வேஷன் இரண்டு மணித்தியாலத்தில் சொல்லக்கூடியதை ஆறு பாகமாக இழுத்தது. கூத்திலும் நடுச்சாமத்தில் பாதிச் சனம் நித்திரைதான். ஆனால் பிடித்த ஆளின் வரவு வரும்போது எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்கள். கெட்ட தொடர் இருக்கிறது என்பதால் தொடர் கெட்டதாகாது. சோறு குழைந்தால் அரிசியிலா பிழை?

"இதைப் பார்க்க முதல் அதைப் பார், அதைப் பார்க்க முதல் மற்றதைப் பார் என்று வீட்டுப்பாடம் தருகிறார்கள்" என்கிறார்கள். இதுவும் மெய். தி மார்வெல்ஸ் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது வியாபாரிகள் செய்த கூத்து. நல்ல தொடர் தனக்குள்ளேயே வரவு கொடுக்கும், வெளியே கடன் வாங்கச் சொல்லாது.

"தியேட்டரில் எல்லாரும் சேர்ந்து பார்க்கிற சுகம் தொடரில் வருமா?" இது ஆகவும் பலமான கேள்வி. வராது. கையடக்கத் தொலைபேசியில் தனியே காதை அடைத்துக்கொண்டு கூட்டுக் கதை பார்ப்பது ஒரு பகிடிதான். ஆனால் கதிரவெளிப் பிள்ளைக்கு எந்தத் தியேட்டர்? மட்டக்களப்பு நகரம் அறுபது கிலோமீற்றருக்கு அங்கால். போய்வர ஒரு நாள் கூலி போகும். காசு கட்டித் தொடர் பார்க்கிற வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது? படத்துக்கும் தொடருக்கும் நடுவில் நம்முடைய பிள்ளைகளுக்குக் கிடைப்பது அந்தப் பதினாலு நிமிடம்தான்.

அந்தப் பதினாலு நிமிடத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. படம் கூட்டத்தில் ஒரு சிலரை வெட்டும். சுருக்கம் எல்லாரையும் வெட்டிவிட்டு, யார் வென்றார், யார் செத்தார் என்று மட்டும் சொல்லும்.

நம்முடைய ஊர்களின் கதையை நாடு அப்படித்தான் கேட்டிருக்கிறது. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில் பாடசாலையில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்தது. நாட்டுக்கு அது செய்தியில் ஒரு வரி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதுவும் ஒரு வரி. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்தார்கள். அதுவும் ஒரு வரி. நாட்டை விடுங்கள். நாம் ஒருவர் கதையை ஒருவர் எத்தனை பாகம் கேட்டிருக்கிறோம்? ஓட்டமாவடியில் கதிரவெளியின் கதை ஒரு வரி. கதிரவெளியில் காத்தான்குடியின் கதை ஒரு வரி. யார் அடித்தார், யார் செத்தார், முடிந்தது. ஒருத்தருக்கும் வரவு இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர், எந்தப் பாடம் விருப்பம், அன்று காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்க நமக்கு நேரம் இருக்கவில்லை. நேரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுகிறவன் யார் என்று மேலே கேட்டோமே, அது நாம்தான்.

பதினாலு நிமிடத்தில் ஒரு கூட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று பழகிய பிள்ளை, ஒரு சமூகத்தையும் அப்படியே தெரிந்துகொண்டதாக நினைக்கும். எங்கள் பயம் இதுதான். ஓ.எல். பாஸ் பண்ணினாலும் அந்தப் பழக்கம் போகாது சேர்.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. செலவில்லாத ஒரு யோசனை இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம். அதிபரிடம் அனுமதி கேட்கப் போகிறோம். முதல் ஐந்து கிழமையும் கூத்துத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து, கிழமைக்கு ஒரு பாத்திரம். ஒரு வரவு, ஒரு ஆட்டம், அந்த ஆளின் கதை. ஆறாம் கிழமைதான் ஐந்து பேரும் ஒன்றாக. அதற்குப் பிறகு நம்முடைய ஊர்களின் பெரியவர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும், கிழமைக்கு ஒருவர். தன் கதையைச் சொல்லட்டும். அவசரப்படுத்தமாட்டோம். மணி அடித்தால் "மிச்சம் அடுத்த கிழமை" என்று நிறுத்துவோம். தொடருக்குத் தேவையான டேட்டா அவ்வளவுதான்.

கதை சொல்லத் தெரிந்த வாப்பா, உம்மா, அப்பப்பா, அம்மம்மா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கீழே எழுதுங்கள். கூட்டிவருவதற்கு மோட்டார் சைக்கிளோடு நாங்கள் வருகிறோம்.

அந்தப் பதினாலு நிமிடப் பையனிடமும் சொல்லிவிட்டோம். "முதல் கிழமை நீதான் பாய் விரிக்கணும்" என்று. "எத்தனை கிழமை சேர் நடக்கும்?" என்று கேட்டான். முடிவு தெரியாது என்றோம். முகத்தைச் சுழித்துவிட்டு, "அப்ப தொடர்தானா சேர்?" என்றான்.

ஓம் மகன். தொடர்தான்.