உறையிலே உறங்கிய கத்தி

சென்ற கார்த்திகை மாதத்து அடைமழையில் முத்துப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தோம். நண்பர் பீரோவைத் திறந்து ஒரு சிறு தோலுறையைப் பயபக்தியுடன் எடுத்து வந்தார்.

"அப்பாவின் மடக்குக் கத்தி. அவர் காலமானது முதல் நாலு வருஷமாக உறையை விட்டு எடுக்காமல் பத்திரப்படுத்தியிருக்கிறேன்" என்றார்.

உறையிலிருந்து எடுத்தோம். பித்தளைப் பூணெல்லாம் பச்சைக் களிம்பு. அலகு திறக்க மறுத்தது. முதுகுப் பக்கம் கறுத்து, ஆணியடியில் துரு ஏறியிருந்தது. நண்பரின் முகம் வாடிவிட்டது.

குற்றவாளி வேறு யாருமல்ல. காவல் காத்த உறையேதான். நம் நாட்டில் தொன்றுதொட்டு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது வழக்கம். அவற்றின் துவர்ப்புச் சத்து தோலில் தங்கியிருக்கும். ஈரம் பட்டால் அது இரும்புடன் சேர்ந்து கறுக்கும். முற்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து வீட்டிலேயே மை காய்ச்சுவார்களல்லவா? அன்னபேதி இரும்பின் உப்பு. நண்பர் வீட்டு உறையும் நாலு வருஷமாக மைதான் காய்ச்சிக்கொண்டிருந்தது! தோலில் ஊறிய கொழுப்பு பித்தளையிலுள்ள செம்பைத் தின்று களிம்பாக்கும். குரோம் தோலில் துவர்ப்பு இல்லாவிட்டாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு.

ஊரின் கடற்காற்றும் இதற்கு உடந்தை. கிழக்கே வேதாரண்யத்தில் 1930-ஆம் வருஷம் ராஜாஜியும் தொண்டர்களும் ஒரு பிடி உப்பெடுத்துச் சிறை சென்றார்கள். உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்கார சர்க்கார், உப்புக் காற்றுக்கு வரி போட மறந்துவிட்டது. ஆகையால் அலையாத்திக் காட்டைத் தாண்டி அது வீடுதோறும் இலவசமாக நுழைகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவை அழைக்கும். எவர்ஸில்வர் அலகுக்குக்கூட இதில் பூரண அபயம் கிடையாது.

செய்ய வேண்டியது சுலபமே. உறை பிரயாணத்திற்கு, வாசத்திற்கு அல்ல. வீடு திரும்பியதும் கத்தியை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு, அலகில் மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடிக்கும், வேண்டாம். கஞ்சியில்லாத பருத்தித் துணியில் சுற்றி, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டணம் ஒன்றுடன் தகர டப்பாவில் வையுங்கள். உறை வேறிடத்தில் இருக்கட்டும். மழைக் காலத்தில் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். பழம் நறுக்குமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். களிம்பு போகப் புளி தேய்க்கலாமா என்று சகோதரிகள் கேட்பார்கள். பித்தளைக்கு அது சரி. அந்தப் புளிப்பு அலகில் பட்டால் எஃகை அரித்துவிடும்.

மூன்று நாள் எண்ணெயில் ஊறிய பின் கத்தி திறந்தது. கறை மட்டும் முழுவதும் போகவில்லை. நண்பர் அதனால் ஒரு நாரத்தங்காயை நறுக்கிவிட்டுச் சொன்னார்:

"அப்பா நாற்பது வருஷம் தினந்தோறும் இதை உபயோகித்தார், ஒன்றும் ஆகவில்லை. நான் நாலு வருஷம் பத்திரப்படுத்தினேன்!"