நாயோடு நடக்க ஒரு பாதை

"அண்ணா, திண்டிவனம் பக்கம் நாயோட நடக்குற மாதிரி நல்ல இடம் ஏதாவது இருக்கா?"

போன மார்கழியிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எல்லாரும் சென்னை, பாண்டிச்சேரி ஆட்கள். சனி ஞாயிறு காரில் நாயை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ரெண்டரை மணி நேரம் வந்தால் இங்கே இறங்கிவிடலாம். இவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அங்கே பூங்கா வாசலில் 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் ரெண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயசுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறியபிறகு, கயிறு பிடித்து நாயை நடத்திப் போகிற எல்லாரையும் ஜனங்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நாலாவது மாடியில் இருக்கிற நாய் எங்கேதான் ஓடும்? பாவம்தான்.

முதலில் எங்கே போகக் கூடாது என்று சொல்லிடறேன். செஞ்சிக் கோட்டை வேண்டாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் ஜாஸ்தி. அதற்கு முன்னாலேயே தொல்லியல் துறையின் 1959-ம் வருஷ விதிகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் பிராணிகளைக் கொண்டுவரக் கூடாது என்றுதான் சொல்கின்றன. அப்புறம் கழுவெளி. வானூர், மரக்காணம் தாலுகாக்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் கிடக்கிற அந்தச் சதுப்பு நிலத்தை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். எங்கெங்கேயோ இருந்து பறந்து வந்து இளைப்பாறுகிற பறவை முன்னால் ஒரு லாப்ரடாரை அவிழ்த்துவிட்டால் அது 'விளையாட்டு' என்று நமக்குத்தான் தெரியும், பறவைக்குத் தெரியாது. படகுக்கும் பைனாகுலருக்கும் ஆசைப்படுங்க. நாயை வீட்டில் விட்டுட்டு வாங்க.

மிச்சம் என்ன இருக்கு? ஏரிக்கரை இருக்கு, வண்டிப்பாதை இருக்கு, அறுவடை முடிஞ்ச கழனி இருக்கு. அவ்வளவுதான். இதுக்கு யாரும் 'டிரெயில்' என்று பேர் வைக்கவில்லை, போர்டும் நடவில்லை. ஆனால் நடக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். தை மாசக் காலையில் பனி இறங்கின ஏரிக்கரையில், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெல்லு, நடுவில் பனைமரம் வரிசையாக. நானே தினமும் அதில்தான் மோட்டார் கொட்டாய்க்குப் போகிறேன்.

எங்கள் ஊரில் நாயை யாரும் நடக்கக் கூட்டிப்போவது இல்லை. நாய்தான் கூட வரும். கிளம்பினால் எழுந்து பின்னாலேயே வரும், சலித்தால் திரும்பிவிடும். கயிறும் இல்லை, பைசா செலவும் இல்லை. யாருடைய நாய் என்று கேட்டால் மூணு வீட்டுக்காரர்கள் 'எங்கது' என்பார்கள். ஊசி போடச் சொன்னால் மட்டும் மூணு பேரும் 'எங்கது இல்லை' என்பார்கள்! சிரிக்கிற விஷயம் இல்லை இது. வெறிநோய் வந்தபின் பிழைத்தவன் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்துகொண்டு மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பிக்கொண்டு உட்காரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊசியெல்லாம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போ கையில்தான் போடுகிறார்கள், நாலைந்து தவணை, அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

ஆகவே உங்கள் நாய் ஊசி போட்ட நாயாக இருந்தாலும், வழியில் சந்திக்கப்போகிற நாய் அப்படி இருக்கும் என்று எண்ணாதீர்கள். தெருவுக்கு ஒரு கூட்டம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. புது நாய் வந்தால் நாலும் சேர்ந்து வரும். நீங்க ஓடாதீங்க. குனிஞ்சு கல் எடுக்குற மாதிரி பாவனை செய்தாலே போதும், பத்தடி பின்வாங்கும். கல்லை எறியத் தேவையே இல்லை.

இப்போ கசப்பான பேச்சு. ரெண்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில் வந்த ஒரு குடும்பம் எங்கள் ஏரிக்கரையில் பெரிய நாய் ஒன்றைக் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு ஆயா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நாய் எதையும் கடிக்கவில்லை, துரத்தியது அவ்வளவுதான். ஆனால் ரெண்டு சினை ஆடுகள் ராத்திரிக்குள் குட்டி போட்டுவிட்டன, குறைமாசம், ஒண்ணும் தங்கவில்லை. அவர்கள் போகும்போது 'ஸாரி பாட்டி, அது ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லி 500 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி நடந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. 'அது ஒண்ணும் பண்ணாது' என்பது நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை. ஆட்டுக்கு அது புரியாதே! அந்த ஆயாவுக்கு ஆடுதான் பேங்க். பேத்தி காலேஜ் ஃபீஸுக்குக் குட்டியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்.

இங்கிலாந்தில் நாயோடு நடப்பதைப் பெரிய பண்பாடாகவே வளர்த்திருக்கிறார்கள். ஊர்ப் பாதைகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று 1949-ல் சட்டம் போட்டார்கள். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதையில் யாரும் நடக்கலாம், அது விவசாயி நிலத்துக்கு நடுவில் போனாலும் சரி. ஆனால் அதே ஊரில் பாருங்க, நாய் ஆடுமாட்டைத் துரத்தினால் நாய்க்காரர்மேல் குற்றம், 1953-லிருந்து. 2000-ம் வருஷச் சட்டப்படி திறந்த வெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய் ரெண்டு மீட்டர் கயிற்றுக்குள் இருக்க வேண்டும், தரையில் கூடு கட்டுகிற பறவைகளுக்காக. நம்ம ஊர் ஆள்காட்டிக் குருவியும் தரையில்தானே முட்டை வைக்கிறது? பங்குனி, சித்திரையில் ஏரி காய்ந்து கிடக்கும்போது பாருங்க, கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். அது உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு பக்கத்தில் என்று அர்த்தம். திரும்பி நடங்க.

கயிறு உங்கள் நாயின் நன்மைக்கும்தான். எங்கள் பக்கம் பாதிக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, தரையோடு தரையாக வாயைத் திறந்து கிடக்கும். மல்லாட்டைக் கொல்லியில் எலி மருந்து வைத்திருப்பார்கள். கண்ணாடி விரியன் வரப்போரம் படுத்திருக்கும், நாய் மூக்கைத்தான் முதலில் நீட்டும். பன்றிக்காக வேலியில் கள்ளத்தனமாகக் கரண்டு விடுகிறவர்களும் உண்டு. அது குற்றம்தான், ஆனால் உங்கள் நாய்க்கு அதில் என்ன ஆறுதல்? காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுங்க. மருந்து அடிச்ச வாசனை வந்தால் அந்தக் கழனிப் பக்கமே வேண்டாம். வீட்டுக்குப் போய் காதுக்குள், கால் விரல் இடுக்கில் உண்ணி பாருங்க. நாய் போனதை அள்ளுகிற பையை மறக்காதீங்க. இங்கே நாத்து நடுகிறவர்களுக்கு கிளவுஸ் கிடையாது.

ஒரு சங்கதி சொல்லணும். நாயோடு நடக்க இந்த ஊருக்கு வழி கேட்பது புதுசு இல்லை. சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல், பத்துப்பாட்டில் ஒன்று, நத்தத்தனார் பாடியது. வறுமைப்பட்ட பாணனுக்கு நல்லியக்கோடன் ஊருக்கு வழி சொல்கிற பாட்டு. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று சொல்லிக்கொண்டே வந்து கிடங்கில் பேரையும் சொல்கிறது. அந்தக் கிடங்கில்தான் திண்டிவனத்தில் இன்றைக்கும் கிடங்கல் என்று இருக்கிறது. ஆக எங்கள் ஊருக்கு நடைவழிக் குறிப்பு எழுதி ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதே பாட்டில் ஒரு நாயும் வருகிறது. பாணன் வீட்டு அடுப்படியில் குட்டி போட்டுக் கிடக்கிற நாய், கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, தாங்காமல் குரைக்கும். தமிழில் பசியை இவ்வளவு கூர்மையாக வேறு யார் எழுதினார்களோ எனக்குத் தெரியாது.

அந்த வழியெல்லாம் இன்னும் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. என் தாத்தா காலத்தில் எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊர் ஏரிக்கு மாட்டு வண்டி போகிற பாதை ஒன்று இருந்தது. ரெண்டு பக்கமும் பனை, நடுவில் மண். வருவாய்த் துறைக் கணக்கில் 'வண்டிப்பாதை', புறம்போக்கு. புல வரைபடத்தில் இன்றைக்கும் அழகாகக் கோடு இருக்கிறது. தரையில் போய்ப் பாருங்க, ஒரு மனைப்பிரிவின் காம்பவுண்டு சுவர் நிற்கிறது. பனைமரத்தில் பதினேழு போச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் கழனி வைத்திருக்கிற நாலு குடும்பம் இப்போ உரமூட்டையைத் தலையில் சுமந்து வரப்பு மேல் போகிறார்கள். டிராக்டர் போகாது, அறுவடை மெஷின் போகாது. ரெண்டு பேர் நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாங்கப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். வழியை அடைத்தால் நிலம் தானாக மலிந்துவிடும்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனைகளை வாங்குகிறவர்கள் நீங்கள்தான். வீக்கெண்டுக்கு ஒரு சின்ன வீடு, நாய் ஓட ஒரு இடம் என்றுதான் வாங்குகிறீர்கள். வாங்கின பிறகு கேட்டைத் தாண்டினால் நடக்கப் பாதை இல்லை என்று எனக்கே மெசேஜ் போடுகிறீர்கள். நாயோடு நடக்க உங்களுக்கு வேண்டியதும், உரமூட்டையோடு போக எங்களுக்கு வேண்டியதும் ஒரே பாதை. இதைப் புரிந்துகொண்டால் தனியாக 'பெட் ஃப்ரெண்ட்லி டிரெயில்' என்று யாரும் காசு போட வேண்டியதில்லை. இருக்கிற வண்டிப்பாதையை அளந்து கல் நட்டு, விழுந்த பனைக்குப் பதில் பனங்கொட்டை போட்டாலே போதும். கேட் போட்டு டிக்கெட் கிழிக்கிற டிரெயில் வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது அந்த ஆயாவும் ஆடும்தான். அதனால் அந்த யோசனையோடு வருகிறவர்களுக்கு நான் ஆதரவு இல்லை.

மனை பார்க்க வரும்போது புரோக்கர் காட்டுகிற கலர் பேப்பரை மட்டும் பார்க்காதீங்க. சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி, அரசு இணையதளத்தில் புல வரைபடமும் அ-பதிவேடும் எடுத்துப் பாருங்க. பாதைக் கோடு மனைக்குள் ஓடினால் 'இது எங்கே போச்சு?' என்று கேளுங்க. நாங்கள் கேட்டால் 'ஊர்த் தகராறு' என்று தள்ளிவிடுகிறார்கள். பணம் கொடுக்கப்போகிறவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆக்கிரமிப்பை எடுக்க 1905-லிருந்தே சட்டம் இருக்கிறது, ஏரிக்குத் தனியாக 2007 சட்டம் வேறு. மனு கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

ஜனவரி 26 கிராம சபையில் எங்கள் பாதையை அளக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். வெளியூர்க்காரர்களுக்கு அதில் ஓட்டு இல்லை, ஆனால் எங்கள் பக்கம் ஏற்கெனவே மனை வாங்கினவர்கள் தாசில்தாருக்கு ஒரு மனு எழுதலாம். உங்கள் பத்திரத்தில் இருக்கிற சர்வே நம்பரோடு எழுதுங்க. நாயைக் கூட்டிக்கொண்டும் வாங்க, டீ போட்டு வைக்கிறேன். கயிறு மட்டும் கையில் இருக்கட்டும்.