பிறந்த நாடும் ஆடும் நாடும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி, கோவாவிலுள்ள மட்காவ் நகரில், இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூர் அணியிடம் ஒன்றுக்கு இரண்டு கோல் கணக்கில் தோற்றது. 2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் சேரும் வாய்ப்பும் அத்துடன் நம் கையை விட்டுப் போயிற்று. சிங்கப்பூருக்காக அவ்விரண்டு கோல்களையும் போட்டவர் ஸொங் உய்-யங் என்பவர். அவர் தென் கொரியாவில் பிறந்து, இளம் பிராயத்தில் சிங்கப்பூர் வந்து, 2021இல் அந்நாட்டுப் பிரஜையானவர். அடுத்த மாதம் டாக்காவில் வங்காள தேசத்திடமும் நாம் தோற்றோம். அந்த அணியில் முன்னின்று ஆடிய ஹம்ஸா சௌதுரியோ இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்.

இத்தோல்விகளின் பின் நம்மவரிடையே இரு வேறு அபிப்பிராயங்கள் ஓங்கி நிற்கின்றன. நாமும் வெளிநாட்டில் பிறந்தவர்களை அழைத்து வந்து ஆடச் செய்தாலன்றி முன்னேற வழியில்லை என்பர் ஒரு சாரார். அந்நியரைக் கொண்டு பெறும் வெற்றி நம் வெற்றியாகாது, இந்த மண்ணில் பிறந்தவரே இந்நாட்டின் உடையைத் தரிக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் நிதானமாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

இவ்விவாதம் முற்றிப் பழுத்திருப்பது ரக்பி ஆட்டத்திலேயாம். ஒரு நாட்டில் பிறந்தவர், பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அங்கே பிறந்திருப்பவர், அங்கே குறித்த காலம் தொடர்ந்து வாழ்ந்தவர் ஆகியோர் அந்நாட்டுக்காக ரக்பி ஆடலாம். பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பதில்லை. முன்னர் 3 ஆண்டு வாசமே போதுமானதாயிருந்தது. பின்னர் அதை 5 ஆண்டாக உயர்த்தினர். இவ்விதியின் பயனாக ஸமோவா, டோங்கா, பிஜித் தீவுகளின் வாலிபர் பலர் செல்வ நாடுகளின் அணிகளுக்கே பலம் சேர்த்தனர். தாய் நாடுகளோ தங்கள் மக்கள் எதிரணியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தன. இக்குறையைச் சிறிதேனும் போக்கக் கருதியே, 3 ஆண்டு ஒதுங்கியிருந்தவர் ஒரு முறை மட்டும் தம் பிறந்த நாட்டுக்கோ முன்னோர் நாட்டுக்கோ திரும்பி ஆடலாமென்று 2022 முதல் புது விதி செய்தனர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நியூஸிலாந்தில் பிறந்த மைக்கேல் லீச் 15ஆம் வயதில் ஜப்பானுக்குப் படிக்க வந்தார். அந்நாட்டுப் பாஷையைக் கற்று அங்கேயே வாழ்ந்து, 2013இல் ஜப்பானியப் பிரஜையானார். 2019இல் அவர் தலைமை வகித்த அணி உலகக் கோப்பையின் கால் இறுதி ஆட்டத்தை எட்டியபோது, அவரை அந்நியரென்று எண்ணிய ஜப்பானியர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

தமிழர் இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்லுமுன் தம் சரித்திரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1966ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் மலேசியாவுக்கு மூன்று தங்கப் பதக்கங்களை ஈட்டித் தந்த ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் நம் குலத்தவர். மலேசியக் கால்பந்து அணியின் கோலைக் காத்துப் பெரும் புகழ் பெற்ற ஆறுமுகமும் நம்மவரே. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கச் சென்றவர். அம்மலையகத் தமிழரில் இலட்சக்கணக்கானோரை இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியதை நேயர்கள் அறிவர். அச்சமூகத்தில் தோன்றிய ஒருவரே பின்னாளில் அந்நாட்டின் பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார். வந்தேறியின் பேரன் நாட்டுக்காக ஆடலாகாது என்ற நியாயத்தை நாம் இங்கே ஒப்புக்கொண்டால், அதே நியாயத்தை மற்றவர் அங்கே நம்மவர் மீது பிரயோகிக்கும்போது எந்த முகத்தோடு ஆட்சேபிப்பது?

ஆகவே பிறப்பு ஒன்றே அளவுகோல் ஆகாது. அங்ஙனமாயின் எவரையும் எப்படியும் சேர்த்துக்கொள்ளலாமோ எனின், அதுவும் கூடாது. மலேசியாவில் நடந்ததே இதற்குச் சாட்சி. ஏழு ஆட்டக்காரர்களின் பாட்டன் பாட்டிமார் மலேசியாவில் பிறந்தவரெனக் காட்டிய பத்திரங்கள் பொய்யானவை என்று கண்டு, சர்வதேசக் கால்பந்துச் சங்கம் 2025 செப்டம்பரில் அந்நாட்டுச் சங்கத்துக்கும் அவ்வெழுவருக்கும் தண்டனை விதித்தது. ஒரு நாட்டைத் தன் நாடாக வரித்துக்கொள்வது வேறு. ஒரு பந்தயத்துக்காக அந்நாட்டின் சட்டையை வாடகைக்கு அணிவது வேறு. முன்னதை வரவேற்க வேண்டும். பின்னதை மறுக்க வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய நம் நாடு கொண்டுள்ள முறை நேர்மையானதென்பதே நம் கருத்து. இந்தியப் பிரஜை அல்லாதார் இந்தியாவின் பிரதிநிதியாக ஆடலாகாதென்று மத்திய சர்க்கார் 2008இல் முடிவு செய்தனர். சென்னை தந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் புதல்வர், அமெரிக்காவில் பிறந்த பிரகாஷ், அதற்கு முன் டேவிஸ் கோப்பைப் பந்தயங்களில் இந்தியாவுக்காக ஆடியவர்; அம்முடிவால் அவர் வழி அடைபட்டது. இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த இஸுமி அராட்டா, ஜப்பானியப் பிரஜாவுரிமையைத் துறந்து 2013இல் இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் 2023இல் பெங்களூர் அணிக்கு ஆட வந்து, 2025இல் தம் பழைய பிரஜாவுரிமையைக் கைவிட்டு இந்தியரானார். அவருடைய தாய் வழிப் பாட்டனார் 1950களில் பம்பாய்க்காகக் கால்பந்து ஆடியவர். இரட்டைப் பிரஜாவுரிமையை நம் அரசியல் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆதலால் இங்கே ஆட வருபவர் ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெற வேண்டியிருக்கிறது. அவ்விழப்பே அவருடைய பற்றுக்கு அத்தாட்சி. இவ்விதியைத் தளர்த்த வேண்டுமென்று கூறுவோருடன் நாம் உடன்படவில்லை.

இத்தகையோர் வருவதால் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் ஆடும் நம் ஏழைப் பிள்ளைகளின் இடம் பறிபோகாதோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்பிள்ளைகளின் இடத்தைப் பறிப்பது மைதானமின்மையும் பயிற்சியின்மையும் வயிற்றுப் பசியுமே. இரண்டொரு அயல் நாட்டாரல்லர்.

ஆனால் விதி நேர்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. பிரஜையாகும் வாயில் தகுதியுடைய யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். இங்கேதான் நம் மனம் வருந்துகிறது. மீஞ்சூரில் ரயிலேறி வடக்கே சென்றால் நான்காவது நிலையம் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று 1990 முதல் இருந்து வருகிறது. புழலிலும் ஒரு முகாம் உண்டு. தமிழ்நாடெங்கும் 100க்கு மேற்பட்ட முகாம்களில் அரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். தமிழ்நாடு சர்க்கார் 2021இல் இவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயரிட்டனர். அவற்றில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நம் தெருக்களில் பந்துதைத்து வளர்ந்தோர் இன்று தாமும் பெற்றோராகிவிட்டனர். இவர்கள் கண்டறிந்த நாடு இது ஒன்றே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் அந்நியர்.

காரணம் யாதெனில், 1987 ஜூலை 1ஆம் தேதி முதல் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பு மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து அந்நிபந்தனை மேலும் கடுமையாயிற்று. உரிய பத்திரமின்றிக் கடல் கடந்து வந்தோரைச் சட்டவிரோதமாகக் குடியேறியவரென்று வகைப்படுத்தியதால், எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழியும் அவர்களுக்கு அடைபட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமூகத்தார்க்கு வழி திறந்தது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பத்திரமில்லாக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்களித்தனர். அது நன்றே. எனினும் தண்டனையின்மை பிரஜாவுரிமை ஆகாது.

வில்லியம்ஸ் இரண்டே ஆண்டில் பெற்றதை முகாம் வாசிகள் முப்பத்தைந்து ஆண்டிலும் பெறவில்லை. வில்லியம்ஸிடம் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அவர் துறக்க ஒரு பிரஜாவுரிமை இருந்தது. முகாம் வாலிபரில் பலருக்குத் துறப்பதற்கும் ஒன்றில்லை. அவர்களுள் ஒருவன் எத்துணைத் திறமைசாலியாயினும், பள்ளி அணியைக் கடந்து தேச அணியின் வாயிலுக்கு வரும்போது 2008ஆம் ஆண்டு விதி அவனைத் தடுத்து நிறுத்தும். இங்கே பிறவாதவரை ஆடுவதற்காக அழைத்துவர விரும்பும் தேசம், இங்கேயே பிறந்தவனை ஆடாதே என்று தள்ளுவது தர்மமாகுமா?

அவர்களுக்குப் பிரஜாவுரிமை அளித்தால் இலங்கையில் அவர்களுக்குள்ள பாத்தியதை பலவீனமடையும் என்று சிலர் வாதிக்கக்கூடும். திரும்பிச் செல்ல விரும்புவோர் கௌரவத்துடன் செல்ல உதவ வேண்டியதே. ஆனால் இங்கேயே இருக்க விரும்புவோரின் விருப்பத்தை அவர்களே சொல்லட்டும். அவர்கள் சார்பில் பிறர் மறுத்துக் கூறுவது நியாயமன்று.

மத்திய சர்க்கார் செய்யத்தக்கது ஒன்றே. முகாம்களில் பதிவு பெற்றோரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகையிலிருந்து நீக்கி, அவர்களும் விண்ணப்பித்துப் பிரஜைகளாகத் தக்கவாறு சட்டத்தைத் திருத்த வேண்டும். நம் மாகாணத்துப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள், கட்சி வேற்றுமை பாராட்டாது, இதை டில்லியில் வற்புறுத்த வேண்டும். தேசத் தொண்டர்களும் விளையாட்டுச் சங்கத்தாரும் அவர்களை அதற்குத் தூண்ட வேண்டும். ஸொங் உய்-யங்கை உரிய காலத்தில் தன் பிரஜையாக ஏற்ற சிங்கப்பூரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.